டிராயிங் மாஸ்டரும் தளிக்காட்டுச் சிறுத்தையும்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குக் கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். மாசி மாதம். மேற்கே மலைகள் இருக்கும் திக்கில் பனிமூட்டம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சென்னையிலிருந்து இரவு முழுவதும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே வந்ததில் முழங்கால்கள் மரத்துப் போயிருந்தன. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் ஓர் அணாவுக்குக் காப்பி கிடைத்தது. நல்ல காப்பி. அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகக் குடித்த கடைசிக் காப்பி அதுதான்.

நான் அச்சகத்தில் புரூப் திருத்துகிறவன். வேட்டையும் தெரியாது, ஓவியமும் தெரியாது. போன மார்கழியில் சென்னையில் ஒரு பொருட்காட்சிக்குப் போனேன். அங்கே ஒரு படம் என்னை நிறுத்திவிட்டது. அழுங்கு ஒன்றின் படம். உடம்பெல்லாம் செதில் மூடிய, எறும்பு தின்று வாழ்கிற அந்தப் பிராணியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. படத்தில் அது புற்றின் ஓரத்தில் நின்று நாக்கை நீட்டியிருந்தது. நாக்கு நுனியில் ஒரே ஓர் எறும்பு. அந்த எறும்பின் கால்களைக்கூட எண்ணிவிடலாம். கீழே 'தே. தாவீது, கோயமுத்தூர்' என்று கையெழுத்து. விசாரித்ததில், அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் என்றும், இந்த ஜில்லாவின் பறவைகளையும் மிருகங்களையும் ஒன்றுவிடாமல் வரைந்து வருகிறார் என்றும் தெரிந்தது. மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டுக் கடிதம் போட்டேன். 'வாருங்கள்' என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது.

ரயிலில் வரும்போதெல்லாம் அவரைப் பற்றி ஒரு கற்பனை. காட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். மான்கள் அருகே வந்து அவர் கையை முகர்ந்து பார்க்கும். இந்த மாதிரி.

உக்கடம் குளத்துக்கு வடக்கே இருந்த அந்தச் சந்துக்கு ஜட்கா நாலணா. விலாசத்தைச் சொன்னதும் வண்டிக்காரர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிராயிங் மாஸ்டர் ஊடுங்களா? செத்ததெல்லாம் வாங்குவாரே, அவருங்களா?"

எனக்கு விளங்கவில்லை. "படம் வரைகிறவர்" என்றேன்.

"அவரேதானுங்க" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

காலை எட்டு மணி. கதவைத் திறந்தவர் மாஸ்டரின் மனைவி மரகதம்மாள். "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று என் பெட்டியைத் தாமே வாங்கிக்கொண்டார். உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னலோரம் கட்டிய கயிற்றில் பறவைகள் தலைகீழாகத் தொங்கின. மீன்கொத்தி, கொண்டலாத்தி, கரிச்சான். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு. மேஜைமேல் ஒரு பலகையில் நீலத் தாழைக்கோழி ஒன்று இறக்கைகள் விரிக்கப்பட்டு, குண்டூசிகளால் அறையப்பட்டிருந்தது. அதன்மேல் கவிழ்ந்தாற்போல ஒரு சிறிய மனிதர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நூலால் காதோடு கட்டியிருந்தார். தலை நிமிரவில்லை.

"சித்தெ இருங்க சார். அலகுச் செகப்பு மங்கிப்போறதுக்குள்ள போட்டுறணும். செத்து ஒரு நாளாச்சுன்னா பழுப்பாயிரும்."

இருபது நிமிஷம் நின்றேன். பறவையின் வயிற்றுப் பக்கம் ஒரு சின்னத் துளை தெரிந்தது.

"இது… எப்படிச் செத்தது?"

"நேத்துச் சாயங்காலம் குளத்துல சுட்டனுங்க."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, மர அலமாரியைத் திறந்து படங்களை எடுத்து வைத்தார். இருநூறுக்கு மேல் இருக்கும். அவற்றைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது. மரத்தை அணைத்துத் தூங்கும் தேவாங்கின் விரல் மடிப்புகள், காட்டெருமையின் ஈரமான மூக்கு, பாம்பின் மேல் விழுந்த வெயில். எல்லாம் இப்போதே அசையப் போகிற மாதிரி இருந்தன. என் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"பின்பக்கம் திருப்பிப் பாருங்க சார்."

திருப்பினேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில், திருத்தமான பள்ளிக்கூட எழுத்தில், அந்தப் பிராணி எப்படிச் செத்தது என்று எழுதியிருந்தது. 'ஆனைகட்டி. நான் சுட்டது. இரண்டாவது குண்டில்.' 'பேரூர். கண்ணியில் மாட்டியது. கழுத்தைத் திருகினேன்.' அழுங்கின் படம் பொருட்காட்சியிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதையும் திருப்பினேன். 'உடுமலைச் சந்தையில் உயிரோடு வாங்கியது. செதில் கெடாமல் இருக்க அண்டாத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். பதினோரு நிமிஷம்.'

கையிலிருந்து படத்தைக் கீழே வைத்தேன். "அந்த நாக்கு? அந்த எறும்பு?"

"நாக்க நானே இழுத்து வெச்சேன். எறும்பையும் நானேதான் வெச்சனுங்க."

"இதையெல்லாம் ஏன் எழுதி வைத்திருக்கிறீர்கள்?"

"உசுரோட இருக்கற மாதிரி இருக்குதுன்னு பாக்கறவங்க எல்லாம் சொல்றாங்க. பின்னாடியாச்சும் நெசம் இருக்கட்டுமேன்னுதாங்க."

மத்தியானம் இலையில் சோறு போட்டார் மரகதம்மாள். மாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. ஜன்னலோரக் கயிறு கண்ணிலேயே நின்றது.

"வாரவங்கள்ல பாதிப் பேர் உண்ணாமத்தான் எந்திரிப்பாங்க" என்றார் அந்த அம்மாள், ரசம் ஊற்றியபடி. "நானும் கண்ணாலமாகி வந்து மூணு நாள் அழுதனுங்க. வண்ணானுக்குப் போடற துணியில ஆந்தை இருந்துச்சு. அப்பறம் பழகிப்போச்சு. நீங்க உண்ணுங்க சார்."

சாயங்கால ரயிலுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஆனால் மூன்று மணிக்கு உடுமலை பஸ் கண்டக்டர் ஒருவர் வாசலில் வந்து ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தளிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் பண்ணையம் செய்யும் நஞ்சப்பக் கவுண்டர் என்பவர் எழுதியது. நேற்று விடியற்காலை சிறுத்தை ஒன்று கூண்டில் விழுந்துவிட்டது. நாளை சாயங்காலம் வரை சுடாமல் வைத்திருக்கிறேன். வந்தால் உயிரோடு பார்க்கலாம்.

படித்து முடித்ததும் மாஸ்டரின் கை கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது. காலையில் பறவையின் கண் இமையை ஒற்றைத் தூரிகை முடியால் வரைந்த அதே கை.

"இருபது வருஷமா வரையறேன் சார். நாலு சிறுத்தை வரைஞ்சிருக்கறேன். நாலும் சுட்டுக் கட்டித் தூக்கியாந்தது. செத்த அரை மணி நேரத்துல கண்ணுல பால் பாஞ்சாப்பல ஆயிரும். நாலுலயும் கண்ணு பொய்யி. உசுரோட ஒன்னைய இது வரைக்கும் பக்கத்துல பாத்ததில்லைங்க."

நான் ரயிலுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், எனக்கும் அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவரைக் கண்டு அருவருத்த அதே மனசுதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கோயிலுக்கு வந்துருவீங்களா?" என்று மரகதம்மாள் கேட்டபோது மாஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பையில் காகிதம், பென்சில்கள், வண்ணப் பெட்டி, ஒரு பொட்டலம் பஞ்சு, நீலநிற பாட்டில் ஒன்று. பொள்ளாச்சி இருபத்தாறு மைல். ஊர் எல்லை தாண்டியதும் மேற்கே மதுக்கரைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் சிமெண்டு ஆலையின் புகை தெரிந்தது. கிணத்துக்கடவு வரை இருபுறமும் பருத்தி, சோளத்தட்டு, கிணற்று மேட்டில் கவலை இறைக்கும் மாடுகள். பொள்ளாச்சியில் பஸ் மாறி, பதினேழு மைல் போய், பதினொன்றரைக்கு உடுமலைப்பேட்டையில் இறங்கினோம். சந்தைக்கு வந்த தேங்காய் மலைபோலக் குவிந்து கிடந்தது. கவுண்டர் அனுப்பிய மாட்டுவண்டி காத்திருந்தது. அங்கிருந்து எட்டு மைல். வழியெல்லாம் வண்டியோட்டிதான் பேசிக்கொண்டு வந்தார்.

"பெரிய கூட்டமுங்க. மூணு ஊரு சனம் வந்து கெடக்குது. தேர் நோம்பி மாதிரி இருக்குது."

அவர் சொன்னது மிகையில்லை. இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, காட்டோரத்தில் நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பொரிகடலை விற்கிறவர் ஒருவர் கடை போட்டிருந்தார். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக் காட்டினார்கள். மூன்று பக்கம் கல் சுவர். முன்பக்கம் பனஞ்சட்டங்களை நெருக்கமாக நட்டிருந்தார்கள். மேலே கட்டைகள் போட்டுப் பாறாங்கல் ஏற்றியிருந்தது. அதுதான் கூண்டு. சட்டங்களுக்கு நடுவே மூங்கிலை விட்டு யாரோ குத்த, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. உறுமல் அல்ல. துணி கிழிவதுபோல ஒரு சத்தம். கூட்டம் பின்வாங்கிச் சிரித்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். படங்களில் பார்த்த கம்பீரம் ஒன்றும் அங்கே இல்லை. மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. சட்டங்களில் முட்டி முட்டி நெற்றித் தோல் கிழிந்து தொங்கியது. கோரைப்பல் ஒன்று உடைந்திருந்தது. அதன் முன்னால் ஓர் ஆட்டுக்குட்டி செத்துக் கிடந்தது. கூண்டின் நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த இரைதான். சிறுத்தை தடுப்பை உடைத்து அடித்திருக்கிறது, ஆனால் தின்னவில்லை. ஈ மொய்த்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் என் சட்டையை விட்டுப் போகவில்லை.

நஞ்சப்பக் கவுண்டர் உயரமான, மரியாதை தெரிந்த மனிதர். மோர் கொடுத்து உபசரித்தார். "வாத்தியாருக்காவத்தான் ரெண்டு நாளா நிறுத்தி வெச்சேன். ஒரு மணி நேரம் எடுத்துக்கங்க. அதுக்கு மேல இந்தச் சனத்த என்னால தாங்க முடியாதுங்க."

"ஒரு மணி நேரம் யாரும் குத்தாம இருக்கோணும். சத்தமும் ஆகாது" என்றார் மாஸ்டர்.

கவுண்டர் கையை உயர்த்த, கூட்டம் ஐம்பது கஜம் பின்னால் போய் உட்கார்ந்தது. மாஸ்டர் சட்டங்களுக்கு இரண்டு கை தூரத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால். முதல் ஐந்து நிமிஷம் அது பல்லைக் காட்டிச் சீறியது. அவர் அசையவில்லை. பிறகு அதுவும் அடங்கியது. மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. மஞ்சளும் பச்சையும் கலந்த கண்கள் அவரையே பார்த்தன. அவர் வரைய ஆரம்பித்தார். அரை மணி நேரம் பென்சில் சத்தம் மட்டும்.

திடீரென்று பென்சில் நின்றது. மாஸ்டர் தரையோடு தலையைச் சாய்த்து அதன் வயிற்றுப் பக்கம் பார்த்தார். காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து கவுண்டரிடம் போனார்.

"பண்ணாடி, இது தாயிங்க. பால் கட்டி மடி வீங்கியிருக்குது. மலையில எங்கியோ குட்டி போட்டிருக்குது."

"சரிங்க. இருந்துட்டுப் போவுது."

"உட்றலாமுங்க. ராத்திரிக்கு மேல ஏறிக் கல்லத் தள்ளி உட்டா, அது பாட்டுக்குப் போயிரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாழைக்கோழியைச் சுட்டவர், அழுங்கைத் தண்ணீரில் அமுக்கியவர், ஒரு சிறுத்தைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சுகிறார். கவுண்டர் திகைத்து நின்றார். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. அருக்காணி என்று பெயர். ஆடு மேய்த்துப் பிழைக்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, தாயின்னு சொல்றீங்களே. எனக்குப் பதினாலு உருப்படி இருந்துச்சு. தீவாளியிலிருந்து ஒம்பது போச்சு. உள்ள கெடக்குதே அந்தக் குட்டி, அதும் என்றதுதான். பண்ணாடி கேட்டாருன்னு குடுத்தேன். அதுக்குந்தான் தாய் இருக்குது. வந்து கேளுங்க, ரெண்டு நாளாக் கத்திக்கிட்டே கெடக்குது."

மாஸ்டர் கூண்டுப் பக்கம் திரும்பி அந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்தார்.

கவுண்டர் துப்பாக்கியை எடுத்தார். மாஸ்டர் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, என்னிடமிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். "தள்ளிக்கங்க வாத்தியாரே" என்றார் கவுண்டர். மாஸ்டர் ஒரு சாண் நகர்ந்தார். அவ்வளவுதான். சட்டத்தின் இடைவெளியில் குழல் நுழைந்தது. சிறுத்தை குழலைப் பார்க்கவில்லை. மாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெடிச்சத்தம் கல் சுவரில் மோதித் திரும்பி என் காதை அடைத்தது. கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. நான் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒரு வேலமரத்தடிக்குப் போய் நின்றேன். திரும்பி வந்தபோது மாஸ்டர் இன்னும் உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் ஒரு கண் முழுதாக இருந்தது. இன்னொன்றுக்குக் கோடு மட்டும்.

அன்று கவுண்டர் வீட்டுக்குப் பக்கத்து ஓலைச் சாளையில் படுத்தோம். காலையில் குட்டிகளைத் தேடி மலைக்குப் போவதாக மாஸ்டர் கவுண்டரிடம் சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அருக்காணி வாசலில் நின்றாள். இடுப்பில் கொடுவாள்.

"குட்டியத் தேடறீங்கன்னு பண்ணாடி சொன்னாரு. அது போற வழி எனக்குத் தெரியுமுங்க. ஆட்டைத் தேடிக்கிட்டுப் பாறை வரைக்கும் போயிருக்கறேன்."

எதற்காக வருகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கொடுவாளைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு மைல் ஏற்றம். கற்றாழையும் கள்ளியும் காலைக் கிழித்தன. எட்டு மணி சுமாருக்கு ஒரு பெரிய பாறையின் அடியில், கை நுழையும் அளவு இடுக்கில், பூனை முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மாஸ்டர் படுத்துக் கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இரண்டு குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கண்கள் நீலமாக, கலங்கலாக இருந்தன. மூன்று நாள் பட்டினியில் தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. ஒன்றுக்குத் தலை நிற்கவில்லை.

அருக்காணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொடுவாளை எடுக்கவில்லை. மாஸ்டர்தான் பையைத் திறந்து பஞ்சையும் நீல பாட்டிலையும் எடுத்தார். மூடியைத் திறந்ததும் தித்திப்பாக ஒரு நெடி. மயக்க மருந்து.

"என்ன செய்கிறீர்கள்?" என்று கத்திவிட்டேன். "நேற்று இவற்றின் தாய்க்காகக் கெஞ்சினவர்தானே நீங்கள்?"

"கெஞ்சினது பலிக்கலீங்களே சார். இதுக பொழைக்காதுங்க. இன்னும் ரெண்டு நாள் கத்திக் கத்திச் சாகும். இது தூங்கறாப்பல போயிரும்." பிறகு, மறைக்கத் தெரியாத அந்த மனிதர் சொன்னார்: "கண்ணு தொறந்த பருவத்துல சிறுத்தைக்குட்டிய யாரும் வரைஞ்சதில்லைங்க."

அந்தக் கணம் அவரை அறைந்துவிடுவேன் போலிருந்தது. நான் அசைவதற்குள் அருக்காணி இரண்டு குட்டிகளையும் அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"தாயச் சுட்டதோட என்ற கணக்கு தீந்துபோச்சு. இதுக என்ற ஆட்டத் தின்னுச்சுகளா?"

"வளந்தாத் திங்கும் அம்மணி."

"வளந்தப்பப் பாத்துக்கறேன். அங்க ஆடு மடி கட்டிக் கத்திக்கிட்டுக் கெடக்குது, இங்க இதுக பசியில கத்துதுக. நீங்க பாட்டுக்குப் பாட்டலத் தொறக்கறீங்க." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்க ஆரம்பித்தாள். மாஸ்டர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு மூடியைப் போட்டார்.

அவள் குடிசைக்கு முன்னால் கட்டியிருந்த ஆடு, சிறுத்தை வாடை பட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. நாலு காலும் நடுங்கின. குட்டிகளைத் தூரத்தில் வைத்துவிட்டு, அதைத் தடவிக் கொடுத்து, ஒரு தேங்காய்த் தொட்டியில் பால் கறந்தாள். துணித்திரியை நனைத்து வாயில் வைத்தாள். பெரிய குட்டி திரியை விட்டுவிட்டு அவள் விரலையே பிடித்துச் சப்பியது. கூச்சத்தில் சிரித்துவிட்டாள். உடனே, யாராவது பார்த்தார்களா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை கூடையில் குட்டிகளை வைத்து வண்டியேறினோம். ஒரு சொம்பு பாலைத் துணியால் வாய் கட்டிக் கொடுத்தாள் அருக்காணி.

"கொண்டுபோய் வளத்துக்கங்க. ஆனா இந்தப் பக்கம் மட்டும் திருப்பிக் கொண்டாந்து உட்றாதீங்க. அன்னிக்கு நானே வெட்டிப்போடுவேன்."

"சரிங்க அம்மணி" என்றார் மாஸ்டர். ஒரு சிறுமிக்குச் சொல்வதுபோல அல்ல, மேலதிகாரிக்குச் சொல்வதுபோல.

உடுமலையிலிருந்து போத்தனூருக்கு ரயில். எங்கள் பெட்டியில் சென்னிமலைப் போர்வை மூட்டைகளோடு ஒரு வியாபாரி இருந்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்து, "பூனைக்குட்டிங்களா?" என்றார். "சிறுத்தைங்க" என்றார் மாஸ்டர். வியாபாரி இரண்டு காலையும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார். கோமங்கலம் தாண்டியதும் சின்னக் குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. பாலைத் தொட்டு வைத்தால் ஓரமாக வழிந்தது. பொள்ளாச்சி வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. வியாபாரி மூட்டையைப் பிரித்து, ஓரம் கிழிந்த ஒரு போர்வைத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"வரையவில்லையா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் குத்தல் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். "வர மாட்டேங்குதுங்க சார்."

எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற நேரத்தில், பொள்ளாச்சி பிளாட்பாரத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் இருவருமாகக் கையால் மண்ணைத் தோண்டிப் புதைத்தோம். கார்டு விசில் ஊதிய பிறகும் அவர் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வண்டியைப் பிடித்தேன்.

பிற்பகல் வீடு. மரகதம்மாள் கூடையைப் பார்த்தார். அசைகிறது என்று தெரிந்ததும் முகம் மாறியது. குட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஜன்னலோரக் கயிற்றில் பறவைகள் அப்படியே தொங்கின. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு மாஸ்டர் என்னோடு வந்தார். வண்டி நகரும்வரை நின்றார். "பத்திரிகையில எல்லாத்தையும் எழுதிப்போடுங்க சார். அழுங்கையும் எழுதுங்க" என்றார்.

சென்னைக்கு வந்த பிறகு எழுத முடியவில்லை. மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் ஒரு சிறுத்தை உண்டு. பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

ஆவணி மாதம் மரகதம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. குட்டி பிழைத்துவிட்டது. நாயளவு வளர்ந்திருக்கிறது. அடுப்படியில் அவர் காலைச் சுற்றியே படுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கோழி மூன்றைத் தின்றுவிட்டது. ஐப்பசியில் மலையாளத்துப் பக்கத்து மிருகக்காட்சிசாலைக்காரர்கள் வந்து எடுத்துப்போகச் சம்மதித்திருக்கிறார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தார்: 'அவர் ஆறு மாதமாக ஒரு கோடு போடவில்லை. துப்பாக்கியைத் தொடவில்லை. தினம் காலையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு குட்டியின் எதிரில் உட்காருகிறார். பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறார். ஏன் என்றால், "அது என்னையப் பாக்குது மரகதம், நான் எப்படி வரையறது" என்கிறார். நீங்கள் ஒரு வரி எழுதினால் கேட்பார்.'

'வரையுங்கள்' என்று எழுத வேண்டும். ஒரே வார்த்தைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு அவர் மறுநாள் காலையில் துப்பாக்கியோடு குளக்கரைக்குப் போய்விட்டால்? நாலு நாள் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஐந்தாம் நாள் அவருக்கு எழுதாமல், அந்த அம்மாளுக்கு ஒரு கார்டு போட்டேன். 'குட்டி தூங்குகிறபோது வரையச் சொல்லுங்கள்.'

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. மாஸ்டர் எழுதியது ஒரு எழுத்தும் இல்லை; பென்சிலில் ஒரு படம். வயிறு தெரிய மல்லாந்து, ஒரு முன்கால் காற்றில் தொங்க, வாய் லேசாகத் திறந்து தூங்குகிற சிறுத்தைக்குட்டி. விலா எலும்பு மூச்சில் ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. பின்னங்கால் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் மரகதம்மாளின் கையெழுத்தில் ஒரே வரி:

'அதற்குள் எழுந்துவிட்டது.'